ரேகை விழாத விரல்களும் ஒரு நிர்வாகியின் அரசியலும்

1

போன மாதம் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஆயா. நாற்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவர். கடைக்காரர் மெஷினை நீட்டினார். கட்டைவிரலை வைத்தார் ஆயா. விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். விழவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், அடுத்த கை. ஒன்றும் நடக்கவில்லை.

‘ரேகை விழல ஆயா. வீட்டுல வேற யாராச்சும் இருந்தா அனுப்பு.’

‘நானே வந்து நிக்கிறேனே கண்ணு. என்னத் தெரியாதா உனக்கு?’

‘எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியணுமே.’

அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த ஆயாவுக்கு அரிசி போட்டவர்தான். அவர் மகன் செத்ததும் தெரியும், மருமகள் ஊருக்குப் போனதும் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிவதற்கு இப்போது மதிப்பு கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ வழியில் அரிசி கிடைத்தது என்பது தனிக்கதை. என் மனதில் தங்கியது அந்தக் கடைசி வாக்கியம். ஒரு மனுஷி நேரில் நின்று ‘நான்தான்’ என்று சொல்வது போதாமல் போன அந்தக் கணம் எப்போது, யாரால், யாரைக் கேட்டு உருவானது?

இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் பல பேர் வருவார்கள். பிரதமர்கள், அமைச்சர்கள், அதிகாரிகள், நீதிபதிகள். எல்லாருக்கும் முன்னால் வருகிறவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி நிர்வாகி: நந்தன் நிலேகனி. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் முதலமைச்சர்களைப் பற்றி எழுதியிருக்கிறோம். சாமியார்களை, சினிமா நட்சத்திரங்களைக் கட்டுடைத்திருக்கிறோம். கம்பெனி நிர்வாகிகளை மட்டும் தினசரிகளின் வணிகப் பக்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். அங்கே அவர்கள் வெற்றிக் கதைகளாகவே வாசிக்கப்படுகிறார்கள். ஒரு பிரதியாக வாசிக்கப்படுவதில்லை. அந்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வாதம் இதுதான். 2014 மக்களவைத் தேர்தலில் பெங்களூர் தெற்குத் தொகுதியில் நிலேகனி தோற்றார். ‘தொழில்நுட்பக்காரர்களுக்கு அரசியல் ஒத்துவராது’ என்று அப்போது பலரும் சொன்னார்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். அவருடைய அரசியல் அதற்கு முன்பே ஜெயித்துவிட்டது. ஓட்டு தேவைப்படாத அரசியல் அது. அதனால்தான் ஓட்டில் தோற்ற பிறகும் அது நிற்கவில்லை.

2

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1955இல் பெங்களூரில் பிறப்பு. தந்தை ஜவுளி ஆலை நிர்வாகி. 1978இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பட்டம். பட்னி கம்ப்யூட்டர்ஸில் வேலை; அங்கே நாராயணமூர்த்தியின் அறிமுகம். 1981இல் ஏழு பேர் சேர்ந்து புனேயில் இன்ஃபோசிஸ் தொடங்குகிறார்கள். மூலதனம் 10,000 ரூபாய், மூர்த்தியின் மனைவி சேமிப்பிலிருந்து கொடுத்தது. 1993இல் பங்குச் சந்தை. 1999இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்ற முதல் இந்தியக் கம்பெனி. 2002 முதல் 2007 வரை நிலேகனி தலைமை நிர்வாகி. 2014 வேட்புமனுவில் அவரும் மனைவியும் காட்டிய சொத்து 7,700 கோடி ரூபாய்க்கு மேல்.

10,000 ரூபாய் 7,700 கோடியான இந்தக் கதை இந்திய நடுத்தர வர்க்கத்தின் புராணம். இதைச் சொல்லாத நிர்வாகவியல் வகுப்பு கிடையாது. புராணத்தில் எது சொல்லப்படவில்லை என்று பார்ப்பதுதானே நம் வேலை. அரசுப் பணத்தில் நடந்த ஐ.ஐ.டி. இதில் ஒரு வரியாக வந்து போகிறது. எச்.ஏ.எல்., பெல், ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று பொதுத்துறை கட்டி வைத்த பெங்களூர், இந்திய அறிவியல் கழகம், அவற்றைச் சுற்றி வளர்ந்த பொறியாளர் கூட்டம் — இவை எல்லாம் பின்னணித் திரைச்சீலை. 1984இன் கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கதவைத் திறந்ததும், 1991இல் அமைந்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் செயற்கைக்கோள் இணைப்பும் வரிச்சலுகையும் கொடுத்ததும் அடிக்குறிப்புகூட இல்லை. அரசு பாலூட்டி வளர்த்த ஒரு தொழில், அரசு இல்லாமலே வளர்ந்ததாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. ‘திறமை’ என்ற சொல் இந்த மறதிக்கு வைத்த பெயர். அந்தத் திறமையின் வாசலுக்கு எந்தச் சாதிகள் முதலில் போய்ச் சேர்ந்தன என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நிலேகனி கொள்ளையடித்த முதலாளி இல்லை. சாராயம், சுரங்கம், ரியல் எஸ்டேட் என்று இந்தியா பார்த்துப் பழகிய பணத்தோடு ஒப்பிட்டால் இன்ஃபோசிஸ் பணம் சலவை மடிப்பு கலையாத பணம். ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்த கம்பெனி. கணக்கு வெளிப்படையாகக் காட்டிய கம்பெனி. இந்தச் சுத்தம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. இந்தச் சுத்தம்தான் பின்னால் அவருடைய அரசியல் மூலதனம் ஆயிற்று என்கிறேன். ‘அரசியல் சாக்கடை’ என்று மூக்கைப் பொத்துகிற வர்க்கத்துக்குத் தன் ஆள் ஒருவர் கிடைத்தார்.

விளையாட்டு மைதானம் சமமாகிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்ன பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் தாமஸ் ஃப்ரீட்மன் 2005இல் உலகம் தட்டையானது என்று ஒரு புத்தகமே எழுதினார். தட்டை. இந்தச் சொல்லைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேடும் பள்ளமும் இல்லாத நிலம். வரலாறு இல்லாத நிலம். சேரியும் ஊரும் ஒரே மட்டத்தில் தெரிகிற உயரத்திலிருந்து பார்த்தால்தான் உலகம் தட்டை.

3

அரசியலில் அவரது முதல் ஒத்திகை 1999இல். கர்நாடக முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா ‘பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்’ என்று ஒரு குழு அமைத்தார். தலைவர் நிலேகனி. கம்பெனிக்காரர்கள், அதிகாரிகள், நகரத்துப் பிரமுகர்கள் அதில் உறுப்பினர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி ஒன்று அதே ஊரில் இருந்தது என்பதை மறக்கவேண்டாம். பொது அரங்கில் கூட்டம் போட்டு, மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் மற்ற அமைப்புகளும் என்ன செய்தோம் என்று மேடையில் படம் காட்டி விளக்கின. சொத்துவரியை வீட்டுக்காரரே கணக்கிட்டுக் கட்டும் முறை வந்தது. கணக்கு வைக்கும் முறை திருந்தியது.

இதிலெல்லாம் நல்லது இல்லையா? இருந்தது. வரி வசூல் ஒழுங்கானால் யாருக்கு நஷ்டம்? கேள்வி வேறு. சொத்து இல்லாதவன் இந்தக் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்தான்? வார்டு கவுன்சிலரைத் தெருவில் மறித்து ‘குழாயில தண்ணி வரல, நீ என்ன பண்ற’ என்று கேட்கிற ஒரு குடிசைப் பெண்ணுக்கு இந்தப் படவிளக்க அரங்கில் இருக்கை எது? அந்தக் கவுன்சிலர் லஞ்சம் வாங்குபவராகவே இருக்கட்டும். அவரை மறிக்க முடிந்தது. திட்டக் குழுவை மறிக்க முடியாது. அவர்கள் தெருவில் நடப்பதில்லை.

2004இல் கிருஷ்ணாவின் காங்கிரஸ் ஆட்சி போயிற்று. குழுவும் அத்தோடு ஓய்ந்தது. கணினி நகரத்தின் மினுமினுப்பைக் கிராமத்து வாக்காளர்கள் பொருட்படுத்தவில்லை என்றும் பேசப்பட்டது. நிலேகனி இதிலிருந்து ஒரு பாடம் கற்றார் என்பது என் யூகம். முதலமைச்சர் போனால் போய்விடுகிற அமைப்பு பலவீனமானது. ஆட்சி மாறினாலும் பிடுங்க முடியாத ஒன்றை, எல்லாரும் அதன்மேல் கட்டிக்கொள்ளும்படியான அடித்தளம் ஒன்றை, போட்டுவிட வேண்டும். ‘ஆதார்’ என்ற சொல்லுக்கே அடித்தளம் என்றுதான் அர்த்தம்.

4

2008இல் இந்தியாவை எப்படிக் கற்பனை செய்வது என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அரசு ஓர் அரசாணை மூலம் தனித்துவ அடையாள ஆணையத்தை அமைத்தது. ஜூலையில் நிலேகனி இன்ஃபோசிஸைவிட்டு வந்து அதன் தலைவரானார். கேபினட் அமைச்சர் அந்தஸ்து. 2010 செப்டம்பர் 29ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார் மாவட்டத்தில் தேம்ப்ளி என்ற ஆதிவாசிக் கிராமத்தில் முதல் எண்கள் கொடுக்கப்பட்டன. பிரதமரும் சோனியா காந்தியும் மேடையில் இருந்தார்கள்.

ஏன் ஆதிவாசிக் கிராமம்? ஏனென்றால் சொல்லாடல் அப்படி. அடையாளத்தை நிரூபிக்க முடியாததால்தான் ஏழைகளுக்கு அரசின் உதவிகள் போய்ச் சேரவில்லை என்று ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுத் திட்ட ஆவணம் சொன்னது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! முகமற்றவர்களுக்கு முகம். பெயரற்றவர்களுக்கு எண். நாமும் ஒரு காலத்தில் இதே சொற்களில்தானே பேசினோம்?

2015இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பதில் வெளிவந்தது. அதுவரை கொடுக்கப்பட்ட சுமார் 83.5 கோடி எண்களில், வேறெந்த அடையாளச் சான்றும் இல்லாமல் அறிமுகம் செய்பவர் ஒருவர் மூலம் எண் பெற்றவர்கள் சுமார் 2.19 லட்சம் பேர். நூற்றுக்கு 0.03 பேர். மற்ற எல்லாரும் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று ஏற்கெனவே இருந்த சான்றைக் காட்டித்தான் ஆதார் வாங்கியிருக்கிறார்கள். அடையாளம் இல்லாத ஏழைக்காக என்று தொடங்கிய திட்டத்தில் அடையாளம் இல்லாத ஏழை தேடினாலும் கிடைக்காத அளவுதான்.

அப்படியானால் ரேஷன் ஏன் போய்ச் சேரவில்லை? ரீத்திகா கேரா, ழான் த்ரேஸ் போன்றவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். போலி ஆள் வாங்குவதைவிடப் பெரிய திருட்டு, உண்மையான ஆளுக்கு அளவு குறைத்துப் போடுவது. பெருவிரல் ரேகை தராசைச் சரிபார்க்காது. இருபது கிலோவுக்குக் கையெழுத்து வாங்கிப் பதினெட்டுப் போட்டவன், இருபது கிலோவுக்கு ரேகை வாங்கிப் பதினெட்டுப் போடலாம். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு எந்த ரேகையும் இல்லாமல் பல பத்தாண்டுகள் நடந்தது. கொடுக்கவேண்டும் என்ற அரசியல் நெருக்கடி இருந்தது, ஜனங்கள் கடைக்காரரைக் கேள்வி கேட்டார்கள், அதனால் நடந்தது. 2020இல் இங்கேயும் ரேகை வந்தது. முதல் பகுதியில் சொன்ன ஆயா அதன் முன்னால்தான் நிற்கிறார்.

சட்டம்? 2010இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2011 டிசம்பரில் யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிதி நிலைக்குழு அடிப்படையான கேள்விகளை எழுப்பி அதை ஏற்க மறுத்தது. ஆனால் பதிவு நிற்கவில்லை. 2014 மார்ச்சில் அவர் பதவி விலகியபோது சுமார் 60 கோடிப் பேருக்கு எண் கொடுத்தாயிற்று. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றுகூட இல்லாமல் 60 கோடிப் பேரின் விரல்களும் கண்மணிகளும் சேகரிக்கப்பட்டன. மென்பொருள் உலகில் இது தவறாகக் கருதப்படுவதில்லை. முதலில் பரவு, விதியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பரவியதே பிறகு நியாயமாகிவிடும். ‘இவ்வளவு பேர் சேர்ந்துவிட்டார்களே, இனிமேலா நிறுத்துவது?’

ஒரு நிர்வாகி அரசுக்குள் கொண்டுவந்த உண்மையான தொழில்நுட்பம் இதுதான் என்று நினைக்கிறேன். கண்மணிக் கருவியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சம்மதத்தின் இடத்தில் எண்ணிக்கையை வைக்கிற வித்தைதான் புதுசு.

5

பதவி விலகிய கையோடு காங்கிரசில் சேர்ந்து பெங்களூர் தெற்கில் நின்றார். எதிரே பாஜகவின் அனந்த்குமார். 1996லிருந்து அங்கே தொடர்ந்து ஜெயித்தவர். ஆதார் மோசடி என்பதே பாஜகவின் பிரச்சாரம். மோடியும் பெங்களூர் மேடையில் ஆதாரைத் தாக்கினார். சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் நிலேகனி தோற்றார்.

இந்த வகைத் தோல்விக்கு வெளிநாட்டில் முன்மாதிரிகள் உண்டு. அரசின் மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்துப் பணக்காரரான ராஸ் பெரோ 1992இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்று நூற்றுக்குப் பத்தொன்பது ஓட்டு வாங்கித் தோற்றார். ஈபே கம்பெனியின் மெக் விட்மன் 2010இல் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குச் சொந்தப் பணம் 14 கோடி டாலருக்கு மேல் கொட்டித் தோற்றார். எச்.பி.யின் கார்லி ஃபியோரினா அதே ஆண்டு செனட்டுக்கும், 2016இல் அதிபர் வேட்பாளர் ஆவதற்கும் முயன்று தோற்றார். ஓட்டுப்பெட்டி இவர்களுக்கு ராசியில்லை. கம்பெனியில் உத்தரவு போட்டால் நடக்கும். வாக்காளனிடம் கெஞ்சவேண்டும், இவர்களுக்கு அது வராது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

நிலேகனி விஷயத்தில் சிரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. தோற்ற சில வாரங்களில், 2014 ஜூலையில், அவர் புதிய பிரதமர் மோடியைச் சந்தித்தார். அதன்பின் ஆதார் கைவிடப்படவில்லை, வேகமெடுத்தது. 2016 மார்ச்சில் ஆதார் சட்டம் பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. மாநிலங்களவை திருத்தங்கள் சொன்னது. மக்களவை அதே நாளில் அவற்றைத் தள்ளிவிட்டுச் சட்டமாக்கியது. ஆதாரைப் பெற்றெடுத்த காங்கிரசின் ஜெய்ராம் ரமேஷ் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். ஆதாரை ஒழிக்கப் பேசியவர்கள் அதை எல்லாவற்றோடும் இணைக்கச் சொன்னார்கள். வங்கிக் கணக்கு, செல்போன், பான் அட்டை.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். எதிரெதிர் கட்சிகள் ஆட்சி மாறி வந்தன. திட்டம் மாறவில்லை. அதை உருவாக்கியவர் தேர்தலில் நிராகரிக்கப்பட்டார். திட்டம் நிராகரிக்கப்படவில்லை. அப்படியானால் பெங்களூர் தெற்கின் வாக்காளர்கள் எதற்கு ஓட்டுப் போட்டார்கள்? அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட கேள்வி என்ன? ஆதார் வேண்டுமா வேண்டாமா என்று இந்த நாட்டில் எந்த வாக்காளரும் எந்தத் தேர்தலிலும் தீர்மானிக்க முடியவில்லை. 2017 ஆகஸ்டில் நிலேகனி தலைவராக இன்ஃபோசிசுக்கே திரும்பினார். சுற்று முடிந்தது.

6

இனி நம்மைப் பற்றி.

தொண்ணூறுகளில் நாம் ஃபூக்கோவைப் படித்தோம். கண்காணிப்புக் கோபுரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அதனால் ஆதார் வந்தபோது நம் வாயிலிருந்து வந்த முதல் சொல் ‘கண்காணிப்பு’. அது தவறில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பெரிய வெற்றி. 2018 செப்டம்பரில் ஐந்து பேர் அமர்வு நாலுக்கு ஒன்று என்று ஆதாரை ஏற்றது. தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க வழிசெய்த பிரிவை வெட்டியது. பண மசோதாவாக நிறைவேற்றியது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று நீதிபதி சந்திரசூட் மாறுபட்டு எழுதினார். 2019இல் ஒரு திருத்தச் சட்டம் வங்கிக்கும் செல்போன் கம்பெனிக்கும் ‘விருப்பத்தின் பேரில்’ என்று கதவைத் திறந்துவிட்டது.

ஆனால் ரேஷன் வரிசையில் நின்று பார்த்தால் நம் சொல்லின் போதாமை தெரிகிறது. அந்த ஆயாவுக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற பயம் இல்லை. தன்னை மெஷின் பார்க்கவில்லையே என்ற பயம். கோபுரத்திலிருந்து உற்றுப்பார்க்கிற அதிகாரத்தை நாம் படித்து வைத்திருந்தோம். வாசலில் நின்று ‘நீ யாரென்று தெரியவில்லை’ என்று கதவைச் சாத்துகிற அதிகாரத்தை விவரிக்க நம்மிடம் சொல் இல்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி செத்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் கார்டு நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. எந்த நோயால் என்ற சர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும். கார்டு நீக்கப்பட்ட வீட்டில் அரிசி இல்லை என்பதில் சர்ச்சை இல்லை.

நம் போதாமை இதோடு முடியவில்லை. ‘அடையாளம்’ நம் சொல். அடையாள அரசியல் என்று நாம் பேசியது, ஒடுக்கப்பட்டவன் தன்னை யாரென்று தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை. நிலேகனியின் அடையாளத்தில் நீ யாரென்று நீ சொல்லமுடியாது. பன்னிரண்டு இலக்கமும் பத்து விரலும் சொல்லும். இதில் ஒரு கவர்ச்சி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆதார் சாதி கேட்பதில்லை. இனம், மதம், சாதி, பழங்குடி, மொழி எதையும் அடையாள விவரத்தில் சேர்க்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. சாதிப் பெயரைச் சொல்லி அழைத்த ஊரில், சாதியற்ற ஓர் எண் கிடைப்பது விடுதலை இல்லையா என்று தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரேஷன் கடை வரிசையில்தான் பதில் கிடைத்தது. அந்த மெஷின் சாதியைக் கேட்பதில்லை, விரலைக் கேட்கிறது. யாருடைய விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது? கல்லுடைத்தவர், சிமெண்டு குழைத்தவர், துணி வெளுத்தவர், உப்பளத்தில் வாரியவர், தோல் பதனிட்டவர், ஊருக்கெல்லாம் பாத்திரம் தேய்த்தவர், இவர்களுடைய விரலில். இந்த வேலைகள் இந்த நாட்டில் எப்படிப் பங்கிடப்பட்டன என்று உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ரேகை தேய்வதில்லை. என் ரேகை முதல் தடவையிலேயே விழுந்தது. சாதியைக் கேட்காத கருவி, சாதி பங்கிட்டுக் கொடுத்த உழைப்பை உடம்பில் வாசித்து, உழைத்தவனையே வெளியே நிறுத்துகிறது. உலகம் தட்டை என்று நம்பிச் செய்த கருவியின் கதி இது. பள்ளம் நிலத்தில் இல்லாவிட்டால் விரலில் இருக்கிறது.

‘இது தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்துவிடலாம்’ என்று சொல்வார்கள். கண்மணி இருக்கிறது, முகம் இருக்கிறது, செல்போனுக்கு எண் அனுப்பலாம். இருக்கட்டும். ஒரு கம்பெனிக்கு நூற்றுக்கு ஒரு சதவீதப் பிழை என்பது நல்ல மதிப்பெண். 130 கோடிக்கு மேல் எண் கொடுத்த நாட்டில் ஒரு சதவீதம் என்றால் 1 கோடியே 30 லட்சம் பேர். பயனர் தொகையில் கழித்துவிடக்கூடிய பின்னமாக நிர்வாகி இவர்களைப் பார்க்கலாம். குடியரசு அப்படிப் பார்க்க முடியாது. இங்கே பின்னம் என்பது ஒரு முழு மனுஷி. 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலியும் ஆதார் வழிதான் என்று கட்டாயமாக்கினார்கள். மண் வெட்டிய விரல்களுக்குச் சேரவேண்டிய கூலி அது.

7

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. என் அம்மாவின் முதியோர் பணம் வங்கிக்கு நேராக வந்ததில் இடைத்தரகர் ஒருவர் ஒழிந்தார், சந்தோஷம்தான். ரேகையையும் கண்மணியையும் சம்மதமில்லாமல் எந்த அமைப்புக்கும் தரமாட்டோம் என்று 2014இல் நிலேகனியின் ஆணையமே உச்சநீதிமன்றம் வரை போய் வாதாடியது என்பதும் உண்மை. அந்த மனிதரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிப்பது என் நோக்கம் இல்லை. நல்லெண்ணம் உள்ள நிர்வாகியை எதிர்கொள்வதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவனை எதிர்த்துக் கோஷம் போடலாம். தீர்வோடு வருபவனிடம், ‘யாருடைய பிரச்சினைக்கு, யாரைக் கேட்டு?’ என்று கேட்டால் நாம்தான் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஆகிவிடுகிறோம். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். மெஷின் இல்லை என்று சொன்னாலும் மனுஷி உண்டு என்று சொல்லக்கூடிய ஒரு மனிதருக்கு, அந்த இடத்திலேயே, சட்டப்படி அதிகாரம் வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைக்கலாம். கடைக்காரரின் ‘எனக்குத் தெரியும்’ என்ற சொல்லுக்கு மறுபடி மதிப்பு வரவேண்டும்.

பெயர்ப் பொருத்தம் தற்செயலானதுதான். ஆனாலும் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நம் ஊரிலும் ஒரு நந்தன் இருந்தான். வாசலில் நின்றவன். உள்ளே வரவேண்டுமானால் நெருப்பில் இறங்கி உடம்பை நிரூபித்துவிட்டு வா என்று சொல்லப்பட்டவன். அந்த நெருப்பில் உண்மையில் என்ன நடந்தது என்று நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உடம்பைச் சோதித்து உள்ளே விடுகிற ஏற்பாடு நமக்குப் புதுசில்லை. இந்த முறை அதை வடிவமைத்தவரின் பெயரும் நந்தன் என்பதுதான் புதுசு.

அந்த ஆயாவை நேற்றும் பார்த்தேன். விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். ‘ராத்திரியே தடவி வச்சா விழுதாம், யாரோ சொன்னாங்க’ என்றார்.